ஆர்டித் கட்டிய தோட்டாக்கள்

ஸ்வென்ஸ்ரூட் வீட்டில் துணி துவைக்கும் அறையின் கதவு சாத்தியிருந்தால் யாரும் தட்டுவதில்லை. தொலைபேசி அடித்தாலும் அதுவாக ஓயட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆர்டித் உள்ளே தோட்டா கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

துவைக்கும் இயந்திரத்துக்கு எதிரே பழைய கதவுப் பலகை ஒன்றை மேசையாகப் போட்டு, அதன் விளிம்பில் கைப்பிடி வைத்த இரும்பு பிரஸ் ஒன்றை முடுக்கியிருந்தாள். பார்த்தால் இடியாப்பம் பிழிகிற நாழி ஒன்று நிமிர்ந்து நிற்கிற மாதிரி இருக்கும். பக்கத்தில் வெடிமருந்து நிறுக்கிற சின்னத் தராசு. ஜன்னலோரம் பித்தளைக் கூடுகள் நிரம்பிய காப்பி டப்பாக்கள். அறை முழுக்க சோப்புத்தூள் வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து கிடக்கும்.

மாண்டானாவில், சமவெளி முடிந்து ராக்கி மலை சுவர் எழுப்பினாற்போல் எழும்புகிற இடத்தில், ஷோட்டோ ஊருக்கு வெளியே அவர்கள் வீடு. ஆர்டித் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அவள் கணவன் லைல் கோவேறு கழுதைக்காரன். இலையுதிர் காலம் வந்தால் வெளியூர் வேட்டைக்காரர்களையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் மலைக்குள் ஏற்றிப் போவான். அவர்கள் சுட்ட எல்க் மான்களின் இறைச்சியைக் கீழே இறக்கி வருவான். மலைக்குள் வண்டி போகத் தடை. கழுதையும் குதிரையும் மனிதக் காலும்தான். இறைச்சி இருக்கும் இடத்துக்குக் கரடி வரும். ஒரு கையில் கழுதைகளின் கயிறும் மறு கையில் கடிவாளமும் இருப்பவனால் நீளத் துப்பாக்கியைத் தூக்க முடியாது என்பதால் லைல் இடுப்பில் மேக்னம் எனும் வலுவான ரிவால்வர் ஒன்று தொங்கும். கண் எரிய வைக்கிற மிளகாய்ப் புகை டப்பாவும் வைத்திருந்தான். ஆனால் அந்த ஊர்க் காற்று எப்போது யார் முகத்துக்குத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

ஆர்டித் தோட்டா கட்ட ஆரம்பித்தது அவன் மணிக்கட்டால். ஒரு வசந்தத்தில் மிரண்ட கழுதை ஒன்று அவன் கையைக் கயிற்றோடு மரத்தில் வைத்து நசுக்கிவிட்டது. எலும்பு கூடியது, வலு கூடவில்லை. கடையில் வாங்குகிற மேக்னம் தோட்டா ஒன்றைச் சுட்டால் வலி தோள்வரை ஏறும். அவன் பழகுவதையே விட்டுவிட்டான். துப்பாக்கியை மட்டும் விடவில்லை.

"சுட்டுப் பழகாத துப்பாக்கிய இடுப்புல மாட்டிக்கிட்டு அலையறதுக்கு ஒரு சுத்தியல மாட்டிக்கிட்டுப் போ. ஆணியாவது அடிக்கலாம்" என்றாள் ஆர்டித்.

"கடைத் தோட்டா உதைக்குது. என்ன பண்ணச் சொல்ற?"

"உதைக்காத தோட்டா நான் கட்டித் தரேன்."

"நீயா? போன வாரம் கேக்குல பேக்கிங் பவுடர் போட மறந்தவ நீ."

"கேக்கு வெடிக்காது. அதான் மறந்தேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் கையேடும் கையுமாக இருந்தாள். சுட்டு முடித்த கூட்டைக் கழுவி, பிரஸ்ஸில் கொடுத்துப் பழைய அளவுக்கு இறுக்கி, அடியில் தீப்பொறி தருகிற புதுப் பொட்டு வைத்து, மருந்து நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் செருகி, கடைசியில் கூட்டின் வாயைக் குண்டின் இடுப்பில் இருக்கிற பள்ளத்துக்குள் மடித்து இறுக்க வேண்டும். கேட்க எளிது. மருந்து ஒரு மடங்கு கூடினால் துப்பாக்கி கையிலேயே பிளக்கும். போட மறந்தால் குண்டு குழலுக்குள் மாட்டிக்கொள்ளும். மருந்து எடுக்கும்போது அவள் ரேடியோவைக்கூட வைக்க மாட்டாள்.

இரண்டு வகை கட்டினாள். பழகுவதற்கு மருந்து குறைத்த மென்மையான தோட்டா. மலைக்குக் கொண்டுபோக முழு மருந்துத் தோட்டா. மென்மையானதைச் சுட்டுச் சுட்டு லைலுக்குக் கை மறுபடி வசப்பட்டது. மலைத் தோட்டா வலிக்கத்தான் செய்தது. ஆனால் அதை அவன் எப்போதாவதுதான் சுட வேண்டியிருந்தது. ஏலத்தில் அதே மாதிரி இன்னொரு ரிவால்வர் வந்தபோது ஆர்டித் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாகக் கட்டிய மலைத் தோட்டாவிலிருந்து ஒரு கை அள்ளி, ஊருக்கு வெளியே பழைய சரளைக் குழியில் சுட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டி லைல் கைக்குப் போகும். உள்ளங்கை இரண்டு நாள் கன்றிக் கிடக்கும். பேருந்தின் ஸ்டியரிங்கை விரல்களாலேயே பிடித்து ஓட்டுவாள்.

அந்த வருஷம் பனி சீக்கிரம் இறங்கப் போகிறது என்று வானிலை சொன்னது. லைலின் முதலாளி வெர்ன், புறப்படும் நாளை முன்கூட்டியே வைத்தான். பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன ஆர்டித், பெட்ரோல் நிலையத்துக்கு முன்னால் லைலின் லாரியைப் பார்த்து பேருந்தைப் பக்கத்தில் நிறுத்தினாள். பின்னால் கழுதைகள் காதை ஆட்டிக்கொண்டு நின்றன. ஜன்னலுக்கு ஜன்னல் பேச்சு நடந்தது.

"இப்பவே கெளம்பிட்டியா?"

"வெர்ன் குதிக்கிறான். பெட்டிய எடுத்துக்கிட்டேன்."

"எந்தப் பெட்டி?"

"மேல் தட்டுல இருந்தது."

"அத நான் இன்னும் சுட்டுப் பாக்கல லைல்."

"நீ கட்டினதுதானே? அதுக்கு மேல என்ன பாக்கறது?" என்று தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

பேருந்துக்குள் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஆர்டித்துக்குக் காது சிவந்தது. ஆனால் அந்தச் சொல் அன்று முழுக்க அவளுக்கு இனித்தது என்பதையும் மறைக்க முடியாது.

சனிக்கிழமை வேறு வேலை இல்லாததால், அந்த முறை கட்டியதில் மிச்சமிருந்த தோட்டாக்களை எடுத்துக்கொண்டு சரளைக் குழிக்குப் போனாள். முதல் குண்டு மண்ணில் தைத்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நான்காவதற்குத் துப்பாக்கியின் பின்புறச் சுத்தியை இழுத்தாள். அசையவில்லை. கட்டை விரலால் அழுத்தி இழுத்தாள். துப்பாக்கி கல்லாகச் சமைந்துவிட்டது. குழலை மண்மேட்டின் பக்கமே பிடித்தபடி கொஞ்சம் பொறுத்துவிட்டு தோட்டாக்கள் இருக்கும் உருளையை உற்றுப் பார்த்தாள். சுடாமல் உள்ளே இருந்த தோட்டாக்களில் ஒன்றின் குண்டு முன்னால் நழுவி, உருளையின் விளிம்பைத் தாண்டி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மூக்கு துப்பாக்கியின் சட்டத்தில் முட்டியதால் உருளை சுழல மறுத்தது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. முழு மருந்துத் தோட்டா உதைக்கும்போது துப்பாக்கி பின்னால் துள்ளும். உள்ளே காத்திருக்கும் குண்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். கூட்டின் வாய் குண்டைக் கெட்டியாகக் கவ்வியிருந்தால் கவலை இல்லை. கவ்வல் தளர்ந்தால் குண்டு ஒவ்வொரு உதைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து காப்பி டப்பாவைக் கவிழ்த்தாள். கோடையில் தோழி நெட்டா ஒரு பை நிறையப் பழைய கூடுகள் கொடுத்திருந்தாள். ஆர்டித் அவற்றைத் தன் கூடுகளோடு கலந்துவிட்டாள். இப்போது அளவுகோல் வைத்துப் பார்த்தால் சில ஒரு நூல் குட்டை. குட்டையான கூட்டின் வாய் பள்ளத்தைப் பேருக்குத் தொட்டதே தவிர கவ்வவில்லை. அளந்து பார்க்கிற வேலையை அவள் செய்யவில்லை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தது, அவ்வளவுதான். அதே கூடுகளில் கட்டிய மென்மையான தோட்டாக்கள் கோடை முழுக்க ஒரு குறையும் காட்டவில்லை.

லைலின் இடுப்பில் இருப்பது மென்மையானது இல்லை.

வனக்காவலர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அவர்கள் மலை முகாமின் ரேடியோவைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இரைச்சல்தான் திரும்பி வந்தது. காத்திருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அதே இரைச்சல். ஆர்டித் காரை எடுத்துக்கொண்டு நெட்டா வீட்டுக்குப் போனாள். நெட்டா குதிரை வளர்ப்பவள். கட்டை குட்டையாக, வாய் ஓயாமல் பேசுகிறவள்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு நெட்டா சொன்னாள்: "நல்ல தோட்டா ஒரு பெட்டி இருக்கா?"

"போன வருஷத்தது இருக்கு. அது என் கூடு. சுட்டுப் பாத்தது."

"குடு. நாளைக்கு விடிஞ்சதும் நான் கொண்டுபோறேன்."

"நானும் வரேன்."

நெட்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பல வருஷங்களுக்கு முன்னால் ஓடை ஒன்றைக் கடக்கும்போது குதிரை சறுக்கி விழுந்து, ஆர்டித்தின் இடுப்பெலும்பு உடைந்தது. அதன் பிறகு அவள் எதன் முதுகிலும் ஏறியதில்லை. கழுதைகளுக்குத் தீனி வைப்பாள், தேய்த்துவிடுவாள், திட்டுவாள். சேணத்தில் மட்டும் கால் வைக்க மாட்டாள்.

"ஆர்டி, நீ வந்து என்ன பண்ணப் போற? தோட்டாவ யார் குடுத்தா என்ன?"

"கட்டினது நான். தப்பு இருக்குன்னு அவங்கிட்ட நான் சொல்லணும். உன் வாயால கேட்டா அவன் சிரிச்சுட்டுப் பழசையே போட்டுக்குவான்."

"அது வாஸ்தவம்தான்" என்றாள் நெட்டா. "என் வாயால எதக் கேட்டாலும் சிரிக்கறான்."

மறுநாள் ஆர்டித்துக்கு மேபெல் என்ற பெட்டைக் கோவேறு கழுதை கிடைத்தது. வயிறு பெருத்த, அவசரம் என்றால் என்னவென்று அறியாத பிராணி. ஆர்டித் சேணத்தில் ஏறி உட்கார்ந்தாள். மேபெல் கழுத்தைத் திருப்பி, இது என்ன புது வேடிக்கை என்பதுபோல் பார்த்தது.

ஆற்றோரம் பாதை நன்றாக இருந்தது. ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகி இலை கொட்டிக்கொண்டிருந்தன. பிறகு பாதை பாறைச் சரிவில் ஏறியது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கீழே எங்கேயோ தண்ணீர். ஆர்டித் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

முன்னால் போன நெட்டா திரும்பிப் பார்த்தாள். "கண்ணத் தொற. மேபெல் தொறந்துக்கிட்டுதானே நடக்கறா?"

"ரெண்டு பேர்ல ஒருத்தி பாத்தாப் போதும்."

"ஓடை வருது. இப்பவே சொல்லிட்டேன்."

ஓடை என்ற சொல்லைக் கேட்டதும் ஆர்டித் கண்ணைத் திறந்தாள். கரையில் மேபெல் தானாக நின்றது. தலையைக் குனிந்து தண்ணீரை மோந்து பார்த்தது. ஒரு காலை வைத்துப் பார்த்து எடுத்தது. இன்னொரு இடத்தில் வைத்தது. ஆர்டித் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டுச் சேணத்தின் முன்பக்கக் கொம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். கல்லில் குளம்பு உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கரை ஏறிய பிறகுதான் கொம்பை விட்டாள். அந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பிற்பகலில் முகாமின் கித்தான் கூடாரங்கள் தெரிந்தன. லைல் ஒரு கழுதையின் குளம்பைத் தொடையிடுக்கில் வைத்து லாடம் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் குளம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல."

"வீடு எரிஞ்சிருச்சா?"

"இல்ல."

"அப்ப நீ எதுக்குக் கழுத மேல உக்காந்திருக்க?"

"மொதல்ல என்ன எறக்கு. கால் மரத்துப் போச்சு. அப்புறம் சொல்றேன்."

இறக்கினான். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். குட்டைக் கூடு, தளர்ந்த கவ்வல், நழுவுகிற குண்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லைல், நெட்டாவிடம் சிரிப்பதுபோலவே அவளிடமும் சிரித்தான். கூடாரங்களுக்கு அப்பால் மண்மேடு ஒன்றின் எதிரே போய் இடுப்பிலிருந்த ரிவால்வரை எடுத்து, இருந்த தோட்டா அத்தனையும் சுட்டான். ஒன்றும் சிக்கவில்லை. மலை திருப்பிச் சொன்ன சத்தம் அடங்க நேரமாயிற்று.

"பாத்தியா? இதுக்காகவா இவ்வளவு தூரம்?" என்று மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான்.

"திரும்பப் போடு."

"ஆர்டி, கை வலிக்குதும்மா."

"போட்டுச் சுடு லைல்."

போட்டான். ஒன்று சுட்டான். இரண்டு சுட்டான். மூன்றாவதற்குச் சுத்தி அசையவில்லை. இழுத்தான், மறுபடியும் இழுத்தான். சிரிப்பு போய்விட்டது. துப்பாக்கியை மண்மேட்டுப் பக்கமே பிடித்தபடி, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த குண்டின் மூக்கை வெகுநேரம் பார்த்தான்.

நெட்டா, கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

"முந்தாநாள் கரடி ஒண்ணு வந்துச்சு" என்றான் லைல். "எல்க்க அறுத்துக் கட்டிக்கிட்டிருந்தேன். காத்து எம்பக்கம் அடிச்சதால புகை டப்பாவ எடுக்க முடியல. மண்ணுல ஒரு வெடி போட்டேன். நின்னு பாத்துச்சு. அப்புறம் போயிருச்சு. உங்கிட்ட குளிர்காலத்துல சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

ஆர்டித் அங்கே கிடந்த மரத்துண்டின் மேல் உட்கார்ந்தாள். அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் அளந்து பாத்திருக்கணும்" என்றாள்.

"நான் பெட்டியத் தொட்டிருக்கக் கூடாது. நீ சொன்ன, நான் கேக்கல."

"அதுவும் சரிதான்."

"மறுக்கவாவது செய்யேன்."

"எதுக்கு? நெசந்தானே?"

அவள் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு தோட்டாவையும் மரத்துண்டின் மேல் குண்டுப் பக்கமாக வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு அவன் கையில் கொடுத்தாள். அவன் ஒவ்வொன்றாக உருளைக்குள் போட்டுக்கொண்டான்.

அன்று மாலை முகாமில் சமையல்காரன் கையை வெட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் தடுமாறிக்கொண்டிருந்தான். ஆர்டித் அவனை நகரச் சொல்லிவிட்டு, எல்க்கின் முதுகுத் தசையை வாணலியில் வெண்ணெயில் பொரித்தாள். உருளைக்கிழங்கும் வெங்காயமும் வதக்கினாள். அதே வாணலியில் மாவு தூவிப் பால் ஊற்றிக் குழம்பு கிண்டினாள். ஓஹையோவிலிருந்து வந்த வேட்டைக்காரன் ஒருவன் தட்டை ரொட்டியால் துடைத்தபடி, "இத்தனை நாள் இந்த அம்மாவ எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டான். வெர்ன் யோசித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் இறைச்சி ஏற்றிய கழுதைகளோடு ஆர்டித் கீழே இறங்கினாள். சரிவில் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள் என்று நெட்டா பிறகு ஊரெல்லாம் சொன்னாள். பாதி நேரம்தான் என்பது ஆர்டித்தின் திருத்தம்.

வீட்டுக்கு வந்து, அந்த முறை கட்டியதில் மிஞ்சியதையெல்லாம் பிரித்தாள். தோட்டாவை உள்ளே செருகித் தரையில் தட்டுகிற சுத்தியல் போன்ற கருவி ஒன்று உண்டு. தட்டத் தட்டக் குண்டு கழன்று விழும். குண்டைத் தனியே வைத்துவிட்டு மருந்தைத் தோட்டத்து மண்ணில் கொட்டினாள். குட்டைக் கூடுகளைப் பழைய பித்தளை வாங்குகிறவனிடம் போட்டாள். பிறகு அந்த அறைக்குத் துணி துவைக்க மட்டுமே போனாள். பிரஸ்ஸின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள். நவம்பர் போயிற்று. டிசம்பரும் போயிற்று.

ஜனவரியில் ஒரு காலை, பனி ஜன்னல் பாதிவரை ஏறியிருந்தது. லைல் கழுவிக் காயவைத்த கூடுகளை ஒரு தட்டில் வரிசையாக நிறுத்திக் கொண்டுவந்து, அவளுடைய காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான். எல்லாவற்றையும் அளந்திருந்தான், அளக்கத் தெரியாமல் அளந்திருந்தான் என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

"கடையில வாங்கிக்கோ லைல். ஊருல எல்லாரும் அதத்தான் வாங்கறாங்க."

"எல்லாருக்கும் என் மணிக்கட்டு இல்லையே."

"நான் மறுபடியும் தப்பு பண்ணினா?"

"இந்தத் தப்பக் கண்டுபிடிச்சதும் நீதான். கடைக்காரனா கழுத ஏறி வந்து சொல்லுவான்?"

அவள் காப்பியைக் குடித்து முடித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மார்ச்சில் வெர்ன் வீட்டுக்கே வந்து, வரும் இலையுதிர் காலத்துக்கு முகாமில் சமையல் வேலை பார்க்க முடியுமா என்று கேட்டான். அவள் பேருந்தைச் சாக்குச் சொன்னாள். இடுப்பைச் சாக்குச் சொன்னாள். லைல் சாக்கு எதுவும் எடுத்துக் கொடுக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "எந்தக் கழுதை?" என்று கேட்டாள். அதிலேயே அவள் சம்மதம் தெரிந்துவிட்டது.

அந்த வருஷம் தொடங்கி ஒவ்வொரு செப்டம்பரிலும் அவள் மலைக்குப் போனாள்; பேருந்தை வேறொருத்தி ஓட்டினாள். முதல் வருஷம், முதல் நாள் காலை அடுப்பின் புகைக்குழாயில் பறவை கூடு கட்டியிருந்தது தெரியாமல் தீ மூட்டிவிட்டாள். கூடாரம் முழுக்கப் புகை. வேட்டைக்காரர்கள் இருமிக்கொண்டு உள்ளாடையோடு வெளியே ஓடினார்கள். ஆர்டித் கரண்டியும் கையுமாக வாசலில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் எழுந்தாச்சு இல்ல? காப்பி ரெடி" என்றாள்.